படித்துவிட்டுப் பேசாமல் போகிறவர்கள்

அன்புள்ள அம்மா,

விருதுநகரில் நண்பர்கள் சேர்ந்து மூன்று ஆண்டுகளாக வாட்ஸப்பில் ஒரு வாசிப்புக் குழு நடத்திவருகிறோம். வாரம் ஒரு சிறுகதை, அதன்மேல் பேச்சு. இப்போது 240 பேர் இருக்கிறோம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எந்தக் கதையை எடுத்தாலும் தனக்குப் பிடித்த அரசியலுக்கு இழுத்துக்கொண்டு போகிறார். எட்டு நிமிடம் குரல்பதிவு அனுப்புகிறார். மறுத்துப் பேசினால் பேசியவரின் எழுத்துப்பிழைகளைப் பட்டியல் போடுகிறார். போன வாரம் நானே குழுவில் அவரைக் கண்டித்து எழுதினேன். சண்டை இரவு ஒரு மணி வரை போயிற்று. அவரை நீக்கலாமா? வயதில் மூத்தவர், எங்களில் பலருக்குப் பாடம் எடுத்தவர். குழுவுக்காக 14 விதிகள் எழுதி இணைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். யாராவது ஏடாகூடமாக எதையாவது போட்டால் அட்மின் என்ற முறையில் என்மேல் வழக்கு வருமா? இன்னொன்று, 240 பேரில் பேசுவது 15 பேர்தான். மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். மூன்று மாதம் எதுவுமே எழுதாதவர்களை எடுத்துவிடுவோம் என்று அறிவிப்பும் போட்டுவிட்டேன். சரிதானே?

க., விருதுநகர்

அன்புள்ள க.,

தலைமையாசிரியரைப் பற்றி மட்டும் கேட்டிருந்தால் தனியே இரண்டு வரி எழுதி அனுப்பியிருப்பேன். கடைசியில் 'இன்னொன்று' என்று ஆரம்பித்து ஒரு காரியம் செய்திருப்பதாகச் சொல்கிறீர்களே, அதைப் படித்ததும்தான் எல்லோரும் பார்க்கும்படி எழுத வேண்டும் என்று தோன்றியது. கொஞ்ச காலமாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்த விஷயம். கோபமும் வந்தது. வேலைக்கும் போய்க்கொண்டு, வாரம் தவறாமல் கதை படிக்க ஊரில் ஆள் சேர்க்கிற ஒருவர்மேல் கோபப்படுவது பாவம்தான். இருந்தாலும் பட்டுவிட்டேன்.

சில்லறை விஷயங்களை முதலில் தள்ளிவிடுகிறேன். வழக்கு பற்றிய பயம் வேண்டாம். குழுவில் ஒருவர் போட்ட பதிவுக்காக, அட்மினாக இருக்கிறார் என்ற ஒரே காரணத்தால் இன்னொருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று 2021-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வும், 2022-இல் கேரள உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கின்றன. நீங்களே உடந்தையாக இருந்தால் கதை வேறு. காலை வணக்கப் படங்கள், ரோஜாப்பூ, தீபாவளி வாழ்த்து, இதையெல்லாம் விதி போட்டுத் தடுக்கப் பார்க்காதீர்கள். கையால் ஒதுக்கிவிட்டுப் போக வேண்டிய விஷயம்.

உங்கள் 14 விதிகளில் ஒன்பது வரை படித்தேன். நன்றாகத்தான் இருக்கின்றன. குழுவில் யாரும் படிக்கப்போவதில்லை, அவ்வளவுதான். இதில் பாதி 1995 அக்டோபரிலேயே எழுதியாகிவிட்டது. மின்னஞ்சலிலும் இணைய விவாதங்களிலும் எப்படி நடந்துகொள்வது என்று இன்டெல் நிறுவனத்தில் இருந்த சாலி ஹாம்ப்ரிட்ஜ் தொகுத்த ஆவணம், ஆர்எஃப்சி 1855 என்று எண் போட்டு வைத்திருக்கிறார்கள். கோபத்தில் எழுதியதை ஒரு இரவு வைத்திருந்து அனுப்பு, பதில் எழுதும்போது தேவையான வரியை மட்டும் மேற்கோள் காட்டு, உனக்கும் இன்னொருவருக்கும் தகராறு என்றால் ஊரைக் கூட்டாமல் தனிமடலில் பேசித் தீர்த்துக்கொள், ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அடிக்காதே, கத்துவதுபோல இருக்கும். (தமிழில் பெரிய எழுத்து இல்லாததால் நம்மவர்கள் ஆறு ஆச்சரியக்குறி போடுகிறார்கள்.) இதெல்லாம் உங்கள் பட்டியலிலும் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கிறது. அதில் இருக்கிற, உங்களிடம் இல்லாத ஒன்று உண்டு. புதிதாகச் சேர்ந்தவர் எதையும் எழுதுவதற்கு முன் ஓரிரு மாதம் சும்மா படிக்க வேண்டும் என்கிறது அந்த ஆவணம். அவர்கள் புதியவரிடம் எதிர்பார்த்த நல்ல பழக்கத்துக்கு நீங்கள் மூன்று மாதத் தவணை கொடுத்து வெளியேற்றம் என்று அறிவித்திருக்கிறீர்கள்.

அந்த ஓரிரு மாதக் கணக்கு வெறும் சம்பிரதாயம் கிடையாது. யூஸ்நெட் என்ற பழைய விவாதக் களத்துக்கு ஒவ்வொரு செப்டம்பரிலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலிருந்து புது மாணவர்கள் வந்து விழுவார்கள். முதல் சில வாரம் ஒரே கூத்தாக இருக்கும். கேட்டதையே கேட்பார்கள், சம்பந்தமில்லாமல் நுழைவார்கள். அப்புறம் பழையவர்கள் பேசுவதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிடுவார்கள். 1993, 1994 வாக்கில் ஏஓஎல் போன்ற இணையச் சேவை நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு மொத்தமாகக் கதவைத் திறந்துவிட்டதும் வருகிற கூட்டம் நிற்கவே இல்லை. பழகுவதற்கு அவகாசமும் இல்லை, பழக்கிவிடப் பழையவர்கள் போதவும் இல்லை. அந்த 1993 செப்டம்பர் முடியவே இல்லை என்று பழைய ஆட்கள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

வாட்ஸப்பில் நிலைமை இன்னும் மோசம். நேற்றுச் சேர்ந்தவருக்குப் போன மாதம் நீங்கள் பேசியது தானாகத் தெரிவதில்லை. சேர்ந்த நிமிடத்திலிருந்துதான் அவருக்குக் குழு ஆரம்பிக்கிறது. ஏற்கெனவே மூன்று முறை பேசி முடித்த கதையை அவர் நான்காவது முறை எடுத்துவந்து போட்டால் எரிச்சல்படாதீர்கள், அவருக்கு அதுதான் முதல் முறை. இந்த நிலையில் ஒருவர் மூன்று மாதம் பேசாமல் படிக்கிறார் என்றால் அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் க.!

நான் கோயம்புத்தூரில் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்த்த காலம், 2000-களின் தொடக்கம். சாயங்காலம் பஸ் ஏறுவதற்கு முன் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போவேன். யாஹூவில் ஒரு தமிழ் இலக்கியக் குழுமத்தில் சேர்ந்திருந்தேன். டிஸ்கி என்ற அந்தக் காலத் தமிழ்க் குறியாக்கத்துக்கான எழுத்துருவை ஃப்ளாப்பியில் கையோடு கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் தமிழ் மடலெல்லாம் தலையில் புள்ளியும் கோடும் வைத்த ரோமன் எழுத்துகளாக வந்து நிற்கும். மடல்கள் இருபத்தைந்தாகச் சேர்ந்து ஒரு கட்டாக வரும். அதில் ஒரு பெரியவர், அந்தக் கட்டு முழுவதையும் அப்படியே திருப்பி ஒட்டி, அடியில் 'அருமை' என்று ஒரு வார்த்தை எழுதி அனுப்புவார். மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, டயல்-அப்பில் நத்தை வேகத்தில் இறங்குகிற பக்கத்தைக் கீழே வரை உருட்டிப் போனால் அங்கே 'அருமை' உட்கார்ந்திருக்கும். தினமும்.

ஆனாலும் எல்லாவற்றையும் படித்தேன். பழைய மடல்களையும் தேடித் தேடிப் படித்தேன். எழுதத் தோன்றவில்லை. அத்தனை பேர் அவ்வளவு தெரிந்து பேசிக்கொண்டிருக்கும்போது நான் என்ன சொல்வது? இப்படியே வெகுகாலம் போயிற்று.

ஒருமுறை ஒரு கதையைப் பற்றி வாக்குவாதம். கதையில் ஒரு பெண் வங்கியில் சங்கிலியை அடகு வைக்கிறாள், கடைசியில் அது ஏலம் போய்விட்டது என்று அவளுக்குத் திடீரென்று தெரியவருகிறது. அந்தத் திடீர் முடிவு எதன் குறியீடு என்று ஆண்கள் பத்து நாள் எழுதினார்கள். நகைக்கடன் மேசையில் உட்கார்ந்திருந்தவள் நான். ஏலத்துக்கு முன் பதிவுத் தபாலில் நோட்டீஸ் போகும், அவள் வீட்டில் அதை யாரோ கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்க வேண்டும், அவளிடம் சொல்லாமல் மறைத்தது யார் என்பதில்தான் கதை இருக்கிறது என்று எனக்குப் பட்டது. நாலே வரி எழுதினேன். அனுப்புவதற்குள் கை நடுங்கியது.

மறுநாள் 'அருமை'க்காரரிடமிருந்து பதில். இதெல்லாம் ஏற்கெனவே பேசியாகிவிட்டதாம், புதியவர்கள் பழைய மடல்களைப் படித்துவிட்டு எழுத வேண்டுமாம். என் நாலு வரிக்குக் கீழே, வழக்கம்போல, இருபத்தைந்து மடல்களையும் ஒட்டியிருந்தார். பழைய மடல்களைப் படிக்காதவர் அவர்தான். பதிவுத் தபாலைப் பற்றி அங்கே ஒருவரும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. நான் சண்டை போடவில்லை, அப்புறம் வெகுகாலம் எழுதவும் இல்லை.

இரண்டு நாள் கழித்து சிங்கப்பூரிலிருந்து ஒரு பெண் தனியே எழுதியிருந்தார். நீங்கள் சொன்ன பிறகு கதையை மறுபடி படித்தேன், மாமியார்தான் மறைத்திருக்கிறாள், இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறது என்று. தானும் எல்லாவற்றையும் படிப்பதாகவும் எழுதுவதில்லை என்றும் சொல்லியிருந்தார். அந்தக் குழுமத்தில் அந்தக் கதையை ஒழுங்காகப் படித்தவர்கள் நாங்கள் இரண்டு பேர் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். உங்கள் சட்டப்படி இரண்டு பேரும் வெளியே.

(அந்த மடல்கள் இப்போது இல்லை. 2020 டிசம்பரில் யாஹூ அந்தச் சேவையையே மூடிவிட்டது, சேமிப்பிலிருந்த மடல்கள் அதற்கு முன்பே போய்விட்டன. 'அருமை'களும் சேர்ந்து போயின என்பது ஓர் ஆறுதல்.)

'வேடிக்கை பார்க்கிறார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் போட்ட செய்தியை அழுத்திப் பிடித்துத் தகவலைப் பார்த்தால் யார் யார் படித்தார்கள் என்று காட்டும். போன வாரக் கதைக்குப் போய்ப் பாருங்கள். அதில் நூறு பெயர் இருந்தால்கூட அது எவ்வளவு பெரிய எண்ணிக்கை தெரியுமா? முந்நூறு பிரதி அச்சிட்டு, பாதியைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்த சிற்றிதழ் ஆசிரியர்களை எனக்குத் தெரியும். நூறு பேர் படிக்கிறார்கள் என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பார்கள். யாகப் நீல்சன் என்ற இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் 2006-இலேயே எழுதினார், இப்படிப்பட்ட இடங்களில் 100 பேரில் 90 பேர் படிப்பதோடு சரி, 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், மிச்சமுள்ள ஒருவர்தான் பெரும்பகுதியை எழுதித் தள்ளுவார் என்று. உங்கள் 240-இல் 15 ஒன்றும் மோசமில்லை. 240 பேரும் பேச ஆரம்பித்தால் முதலில் ஓடுகிறவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

மூன்று மாதக் கெடு வைத்தால் என்ன நடக்கும் தெரியுமா? பேச விருப்பமில்லாதவர்கள் கெடு முடிகிற வாரம் வந்து ஒரு கைதட்டல் போட்டுவிட்டுப் போவார்கள். இருநூறு 'அருமை'. அதைத்தான் கேட்கிறீர்களா?

இன்னும் ஒன்று பாருங்கள். 2022-இலிருந்து வாட்ஸப்பில் ஒருவர் சத்தமில்லாமல் வெளியேறலாம், அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும். குழுத் தகவலில் கடைசி 60 நாளில் போனவர்களின் பட்டியல் இருக்கும். அந்த நள்ளிரவுச் சண்டைக்குப் பிறகு போனவர்களில் பெண்கள் எத்தனை பேர்? எண்ணிப் பார்த்தீர்களா? எனக்குத் தெரிந்த குழுக்களில் முதலில் போவது அவர்கள்தான். நீங்கள் 240 பேரின் கையிலும் அவர்களுடைய கைபேசி எண்ணைக் கொடுத்து வைத்திருக்கிறீர்கள் என்பது ஞாபகம் இருக்கட்டும். குழுவில் ஒரு பெண் இரண்டு வரி எழுதினால் அன்று ராத்திரியே, தனியே, 'வணக்கம் சகோதரி, சாப்பிட்டீங்களா' என்று ஒரு செய்தி வரும். அனுப்புகிறவர் குழுவில் மகா கண்ணியமானவராக இருப்பார். அதற்குப் பயந்து எழுதாமல் இருக்கிறவர்களும் உங்கள் கணக்கில் 'வேடிக்கை பார்ப்பவர்கள்'தான். ஒன்பதோடு நிறுத்திய உங்கள் 14 விதிகளை இதற்காகக் கடைசி வரை புரட்டித் தேடினேன். இதைப் பற்றி ஒன்றும் இல்லை. குரல்பதிவின் நீளத்துக்கு மட்டும் இரண்டு விதி.

சரி, தலைமையாசிரியர். மணிமேகலையில் இந்திரவிழாவுக்கு முரசறைகிறவன் புகார் நகரத்தாருக்குச் சொல்கிறான்: வாதம் செய்கிறவர்கள் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறுங்கள், 'பற்றா மாக்கள் தம்முடன் ஆயினும் செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்'. பகைவர்களாகவே இருந்தாலும் கோபமும் கலகமும் வேண்டாம், விலகிப் போய்விடுங்கள் என்று. இதை அவருக்கு அனுப்பிவைக்காதீர்கள், எட்டு நிமிடம் பேசுவார். உங்களுக்காகத்தான் சொல்கிறேன். ராத்திரி ஒரு மணி வரை பதிலுக்குப் பதில் போட்டது அவர் மட்டுமா? பழைய மாணவர்கள் உட்பட இருநூறு பேர் பார்க்க ஒரு ஆசிரியரைக் கண்டித்தால் அவர் எப்படி இறங்கி வருவார்? அதையே மதியம் தொலைபேசியில் சொல்லியிருந்தால் 'சரி தம்பி' என்றிருப்பார்.

இப்போதாவது கூப்பிட்டுப் பேசுங்கள். கதையைப் பற்றி மட்டும், எழுத்தில், பத்து வரிக்குள், யாருடைய எழுத்துப்பிழையையும் தொடாமல் கருத்துச் சொல்லும்படி கேளுங்கள். ஒரு மாதம் பாருங்கள். கேட்கவில்லை என்றால் மறுபடி கூப்பிட்டு, 'ஐயா, உங்களைக் குழுவிலிருந்து எடுக்கிறேன்' என்று முதலில் அவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். வயதைப் பார்த்துத் தயங்க வேண்டாம். அதைக் குழுவில் அறிவித்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். மூன்று மாத அறிவிப்பை மட்டும் எல்லோரும் பார்க்கும்படி குழுவிலேயே திரும்பப் பெறுங்கள், இந்த வாரக் கதையைப் போடுவதற்கு முன்பாக.