வீட்ல பிரெஞ்சு ஸ்டைல் வாத்து டின்னர்: தோல் மொறுமொறுன்னு வர என்ன பண்ணணும்?

தோல் ரப்பர் மாதிரி ஆகிடுதுன்னு கேட்டிருக்கீங்க, அனேகமா வறுக்குற பான்-அ நல்லா சூடு பண்ணிட்டு கறியப் போட்டிருப்பீங்க, அங்கதான் தப்பு. முழு வாத்த விடுங்க, நெஞ்சுக்கறி மட்டும் வாங்குங்க. பிரான்ஸ்ல கொழுக்க வச்ச வாத்தோட நெஞ்சுக்கறிக்கு மாக்ரேன்னு பேரு, தென்மேற்குல காஸ்கோன் பக்கத்து ஐட்டம், 1950கள் கடைசில ஓஷ் ஊர் செஃப் ஆந்த்ரே தாகேன் இத மாட்டுக்கறி ஸ்டேக் மாதிரி உள்ள சிவப்பா பரிமாறித்தான் ஃபேமஸ் ஆச்சு.

தோல்ல மட்டும் கட்டம் கட்டமா கீறுங்க, கத்தி கறியத் தொடக்கூடாது. ஈரத்த நல்லா ஒத்தி எடுத்துட்டு உப்பு போட்டு, எண்ணெயே இல்லாம குளிர்ந்த பான்ல தோல் கீழ இருக்குற மாதிரி வச்சு அப்புறமா சிம்ல அடுப்ப பத்த வைங்க, 12-15 நிமிஷத்துல கொழுப்பு மெதுவா உருகி வெளிய வந்து அந்தக் கொழுப்புலயே தோல் பொரிஞ்சிரும், அவசரப்பட்டீங்கன்னா மேல கருகி உள்ள கொழுப்பு அப்படியே நிக்கும். திருப்பிப் போட்டு 3 நிமிஷம். உள்ள 55 டிகிரி செல்சியஸ் வந்தா இளஞ்சிவப்பு (அமெரிக்க அரசு கணக்குப்படி பாதுகாப்புக்கு 74, கர்ப்பிணிங்க இருந்தா அதையே பாலோ பண்ணுங்க). பத்து நிமிஷம் ஆற விட்டு நறுக்குங்க.

சாஸுக்கு சர்க்கரைய கேரமல் பண்ணி வினிகர், ஆரஞ்சு ஜூஸ், ஸ்டாக் (எலும்பு வேக வச்சு வடிச்ச தண்ணி) ஊத்தி சுண்ட வச்சு கடைசில வெண்ணெய். வடிச்ச கொழுப்ப கொட்டிடாதீங்க ப்ளீஸ்! அதுல உருளைக்கிழங்கு வறுத்து பூண்டு, பார்ஸ்லி தூவுனா அதான் பிரான்ஸோட சார்லா ஊர் உருளைக்கிழங்கு, எனக்கு வாத்தவிட அதான் பிடிக்கும்.