இஞ்ச் டேப் எடுத்த பேராசிரியை

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தில் சாதி, பாலினம், சொந்த ஊர், பெற்றோர் படிப்பு என்று நீளமாக ஒரு படிவம் கொடுத்து மாணவர், ஆசிரியர் எல்லோரையும் நிரப்பச் சொல்கிறார்கள். சமவாய்ப்பைக் கண்காணிக்கவாம். படிக்க வந்த இடத்தில் இதைக் கிளறினால் பிரிவினைதானே வளரும்? எல்லோரையும் மாணவர் என்று மட்டும் பார்த்தால் போதாதா?
- ஒரு பேராசிரியர், திருச்சி

பதில்: தாராளமாகப் போதும், எல்லோரும் அப்படிப் பார்த்தால். பார்க்கிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

1990களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தில் நான்சி ஹாப்கின்ஸ் என்ற உயிரியல் பேராசிரியை, ஆராய்ச்சிக்கான மீன்தொட்டிகள் வைக்க 200 சதுர அடி கூடுதல் இடம் கேட்டார். கிடைக்கவில்லை. ஒரு இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு, சாயங்காலத்துக்கு மேல் கட்டடத்தின் ஆய்வகங்களை ஒவ்வொன்றாக அளக்க ஆரம்பித்தார். மூத்த ஆண் பேராசிரியர்களுக்குச் சராசரியாக 3,000 சதுர அடி. அவரும் மூத்தவர்தான், அவருக்கு 1,500. புதிதாகச் சேர்ந்த இளைஞர்களுக்கே 2,000.

அப்புறம் மற்ற பேராசிரியைகளிடம் பேசினார். அறிவியல் பிரிவின் ஆறு துறைகளையும் சேர்த்தாலே நிரந்தரப் பதவியில் இருந்த பெண்கள் 15 பேர்தான்; ஆண்கள் 190க்கும் மேல். அந்தப் பெண்கள் ஒவ்வொருவரும், தனக்கு நடப்பது தனக்கு மட்டும்தான் நடக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தார்கள். எனக்குச் சாமர்த்தியம் போதாது, எனக்கும் துறைத்தலைவருக்கும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான் என்று. எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. 1994இல் டீனிடம் போனார்கள். அவர் குழு போட்டார். சம்பளம், இடம், ஆராய்ச்சிப் பணம், குழுப் பொறுப்பு என்று எல்லாவற்றையும் தோண்டினார்கள். 1999இல் அறிக்கை வெளியானது. பாகுபாடு என்பது ஒரு பங்கு நிஜம், ஒரு பங்கு வெறும் எண்ணம் என்று தான் நம்பியிருந்ததாகவும், நிஜத்தின் பங்குதான் மிக அதிகம் என்று இப்போது புரிகிறது என்றும் அதன் முன்னுரையில் எழுதியவர் வேறு யாருமில்லை, எம்.ஐ.டி.யின் தலைவர் சார்லஸ் வெஸ்ட். ஒரு நிறுவனத் தலைவர் இப்படி எழுதிக் கையெழுத்துப் போடுவது லேசில் நடக்காது. இஞ்ச் டேப் இல்லாமல் நடந்திருக்கவே நடந்திருக்காது.

சரி, நம் ஊருக்கு வருவோம். சாதியைக் கிளறுவது படிவம் என்கிறீர்கள். டெல்லி எய்ம்ஸில் பட்டியலின, பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதத்தை விசாரித்த தோரட் குழு 2007இல் அறிக்கை கொடுத்தது. வாய்மொழித் தேர்வில் தேர்வாளர்கள் நேராகவோ சுற்றிவளைத்தோ சாதியை விசாரித்தார்கள் என்று மாணவர்கள் அந்தக் குழுவிடம் சொன்னார்கள். விடுதியில் தொல்லை தாங்காமல், தங்கள் சாதிக்காரர்கள் இருக்கும் தளத்துக்கே மாறிப்போனவர்களும் உண்டு. எந்தப் படிவத்தையும் பார்த்து இது நடக்கவில்லை. கேட்க வேண்டியவர்கள் எப்படியும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். எழுதி வைக்கத்தான் ஆளில்லை.

உங்கள் சந்தேகத்தில் ஒரு பாதியை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். எண்ணுவதே சடங்காகிவிட்டால் பிரயோசனமில்லை. 2023 டிசம்பரில் மக்களவையில் ஒரு பதில் வந்தது: ஐந்து வருடங்களில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐ.ஐ.டி., ஐ.ஐ.எம். ஆகியவற்றிலிருந்து பாதியில் வெளியேறிய ஓ.பி.சி., பட்டியலின, பழங்குடி மாணவர்கள் 13,000க்கும் மேல். காரணம்? மாணவர்களுக்குப் பல வாய்ப்புகள் இருப்பதால் வேறு படிப்புக்கும் வேறு நிறுவனத்துக்கும் மாறுகிறார்கள் என்றார் அமைச்சர். இருக்கலாம். எத்தனை பேர் மாறினார்கள், எத்தனை பேர் வீட்டுக்குத் திரும்பினார்கள்? எந்தத் துறை, எந்த செமஸ்டர்? அதைச் சொல்லாவிட்டால் 13,000 என்பது வெறும் தலைக்கணக்கு. வாசலில் நின்று எண்ணிக்கொண்டேயிருந்தால் வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியுமா?

உள்ளே அளக்க வேண்டியவை நிறைய. எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவர் வாய்மொழித் தேர்வில் மட்டும் ஏன் சரிகிறார்? உதவித்தொகை எந்த மாதம் கைக்கு வருகிறது, மெஸ் பாக்கி எந்த மாதம் கட்ட வேண்டும்? முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டி கிடைக்க யாருக்கு எத்தனை மாதம் ஆகிறது? கூடவே ஒரு எச்சரிக்கை: இந்த விவரங்கள் மதிப்பெண் போடுகிறவர் மேசைக்கு வரக்கூடாது. ஒரு வகுப்பில் பழங்குடி மாணவர் இரண்டே பேர் என்றால், அந்த வகுப்புக் கணக்கைத் தனியாக வெளியிடவும் கூடாது. பெயர் சொல்லாமலே ஆள் தெரிந்துவிடும்.

ஆகவே படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். கொடுக்கும்போது, ஏற்கெனவே கையிலிருக்கும் விவரங்களை வைத்து இதுவரை எதைக் கண்டுபிடித்தீர்கள், எதை மாற்றினீர்கள் என்று பதிவாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், அடுத்த இதழிலேயே போடுகிறேன்.