ரிங் அடித்தால் எடுக்கத்தான் செய்வான்

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகன், பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிளில் பட்டீஸ்வரத்திலிருந்து கும்பகோணத்துக்கு டியூஷன் போய்வருகிறான். இருட்டிவிட்டால் எனக்கு மனசு கேட்காது. போன் போட்டு "எங்கப்பா வர்றே?" என்பேன். ஓட்டிக்கொண்டே பேசுகிறான். திட்டினால், "இயர்போன்தானே போட்டிருக்கேன், ரெண்டு கையும் ஹேண்டில்பார்லதான் இருக்கு. சைக்கிளுக்கெல்லாம் போலீஸ் கேஸ் போடாது" என்கிறான். அவன் சொல்வது சரியா?
– ஓர் அம்மா, பட்டீஸ்வரம்

பதில்: சட்டத்தில் பையன் பாதி சரி. செல்போனைப் பிடித்தபடி ஓட்டினால் பாயும் மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 184, மோட்டார் வண்டிகளுக்குத்தான். ஆனால் அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வரும்படி கவனமில்லாமல் ஓட்டினால், பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 281-ஆவது பிரிவில் சைக்கிள்காரரும் மாட்டுவார். ஊரே சைக்கிள் மிதிக்கும் நெதர்லாந்தில் 2019 ஜூலையிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டத் தடை. ஜப்பானில் 2024 நவம்பர் முதல் 6 மாதம்வரை சிறை அல்லது 1 லட்சம் யென்வரை அபராதம். சட்டம் கிடக்கட்டும்.

போனைக் கையில் பிடிப்பதைவிட இயர்போன் தேவலாம். ஒரு கையில் போன் என்றால் மிஞ்சுவது ஒரே பிரேக். ஆனால் சைக்கிளில் பின்னால் பார்க்கக் கண்ணாடி ஏது? முதுகுக்குப் பின்னால் பஸ் வருவதைக் காதுதான் சொல்லவேண்டும். அந்தக் காதில்தான் நீங்கள் "சாப்பிட்டியா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஆகவே அதுவும் வேண்டாம்.

தப்பாக நினைக்காதீர்கள், போன் போடுவது நீங்கள்தானே? எடுக்காவிட்டால் வீட்டுக்கு வந்ததும் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அப்புறம் எப்படி எடுக்காமல் இருப்பான்? இந்த வயதுப் பையன் அம்மா போனை எடுப்பதே பெரிய விஷயம், அது வேறு.

டியூஷன் விட்டதும், சைக்கிள் பூட்டைத் திறக்கும் முன் ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லுங்கள். வந்துசேர எவ்வளவு நேரமாகும் என்பது உங்களுக்கே தெரியும். வழியில் செயின் கழன்றிருக்கலாம், கூட்டாளியோடு நின்றிருக்கலாம். மேலே கால் மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். அதுவரை போனைத் தொடாதீர்கள். அவனும் போனைச் சட்டைப்பையில் வைக்காமல் புத்தகப்பைக்குள் போடட்டும். நிஜமான அவசரம் என்றால் அடுத்தடுத்து இரண்டு முறை அடியுங்கள். அப்போது மட்டும் ஓரங்கட்டி, இறங்கி நின்று பேசட்டும். "எடுக்கலையேன்னு திட்ட மாட்டேன்" என்று அவனிடம் முதலில் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லாமல் மற்றது எதுவும் நடக்காது.

இருட்டுதான் பயம் என்றால், பின் மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர் இன்னும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் சைக்கிள் கடையில் ஒன்று வாங்கி, கூடவே மினுக்கும் பேட்டரி லைட்டும் இந்த வாரமே மாட்டிவிடுங்கள்.