அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய்: உடனே கீமோ போடுவதா, மரபணு டெஸ்ட் ரிப்போர்ட் வரும்வரை பொறுப்பதா?

தொண்டிப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அம்மாவுக்கு 58 வயது, புகைப்பழக்கம் கிடையாது, பயாப்ஸியில் அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்று என்று வந்திருக்கிறது. டாக்டர் மாலிக்யுலர் டெஸ்ட், அதாவது மரபணு டெஸ்ட், எடுக்கச் சொல்கிறார், 2-3 வாரம் ஆகுமாம். சொந்தக்காரர்களோ "அதெல்லாம் எதுக்கு, கீமோவைப் போடு" என்கிறார்கள். டெஸ்ட் அவசியமா, பேசாமல் சென்னைக்கே போய்விடலாமா என்பது உங்கள் கேள்வி.

டெஸ்ட்டைக் கண்டிப்பாக எடுங்கள். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: "டெஸ்ட்டுக்குப் போதுமான சதை பிளாக்கில் மிச்சம் இருக்கிறதா?" பிளாக் என்பது பயாப்ஸிச் சதையைப் பதித்து லேபில் வைத்திருக்கும் மெழுகுக் கட்டி. இதைக் கேட்கத் தெரியாமல் நாங்கள் ஒரு மாதத்துக்கு மேல் தொலைத்தோம்.

நான் டாக்டர் இல்லை. பாம்பனில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். என் அம்மாவுக்கு இருமல் ஆரம்பித்தது 2023 தொடக்கத்தில். பீடி, புகையிலை எதையும் தொட்டதில்லை. கருவாடு காயப்போட்டு, விறகடுப்பில் ஊதி ஊதிச் சமைத்தே 40 வருஷம் ஓட்டியவர். நம் பக்கம் இருமல் மூன்று வாரம் நீடித்தால் முதலில் டிபியைத்தான் சந்தேகிப்பார்கள், அதில் தப்பில்லை. தப்பு அடுத்ததில் நடந்தது. சளியில் கிருமி இல்லை என்று இரண்டு தடவை வந்த பிறகும், எக்ஸ்ரேயில் தெரிந்த வெள்ளையை வைத்தே டிபி மாத்திரை கொடுத்தார்கள். ஒன்றரை மாதம் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதுதான் மிச்சம், இருமல் அப்படியே இருந்தது.

அப்புறம் இடது பக்க நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி எடுத்தார்கள். ஒன்றரை லிட்டர் இருக்கும், லேசாக ரத்தம் கலந்து வரக்காப்பி நிறத்தில். பத்து நாளில் திரும்பவும் ஊறியது, திரும்பவும் எடுத்தார்கள். இரண்டு தடவையும் கொட்டிவிட்டார்கள். நானே பக்கத்தில் நின்று பார்த்தேன், மூச்சு சரியானால் போதும் என்றிருந்தது. பிறகு மதுரையில் புற்றுநோய் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "அந்தத் தண்ணியை எங்க அனுப்பினாங்க?" என்பதுதான். புற்றணுக்கள் அதில்தான் மிதந்திருக்கும். சுழற்றி, அடியில் தங்கும் வண்டலை மெழுகில் பதித்தால் அதற்குப் பெயர் செல் பிளாக். நோயையும் கண்டுபிடிக்கலாம், பல சமயம் மரபணு டெஸ்ட்டையும் அதிலேயே செய்துவிடலாம். உங்கள் அம்மாவுக்கும் நீர் கோத்து எடுக்க வேண்டி வந்தால், ஒரு சொட்டும் வீணாகாமல் பேத்தாலஜிக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

சிடி ஸ்கேன் பார்த்தபடி ஊசி விட்டு எங்களுக்குப் பயாப்ஸி எடுத்தார்கள். கிடைத்தது நண்டு வலை நூல் கனத்தில், விரல் நகம் நீளத்தில் இரண்டு துண்டு. எந்த வகைப் புற்று என்று தெரிந்துகொள்ள அதையே சீவிச் சீவி, ஒவ்வொரு சாயமாகப் போட்டுப் பார்ப்பார்கள். வகை தெரிவதற்குள் துண்டு தீர்ந்துவிடும். எங்களுக்கு அதுதான் நடந்தது. பிளாக்கை வாங்கி அனுப்பி 12 நாள் கழித்து வந்த பதில்: கட்டிச் செல்கள் போதவில்லை.

பிளாக் என்றால் என்னவோ ஏதோ என்று நினைக்க வேண்டாம். தீப்பெட்டியில் பாதி அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் சட்டம், அதில் வெள்ளை மெழுகு, மெழுகுக்குள் ஒரு பழுப்புப் பொட்டு. நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஜிப் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். அது மே மாதம், மீன்பிடித் தடைக்காலம். ஐஸ் கம்பெனியில் வேலை குறைவு என்பதால்தான் என்னால் அலைய முடிந்தது. ராமநாதபுரத்து மே வெயிலில், பஸ் ஜன்னலோரம் மெழுகை வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. டிபன் டப்பாவில் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன்.

சதை இல்லை என்றானதும் ரத்தத்தில் பார்த்தார்கள். லிக்விட் பயாப்ஸி என்பார்கள். கட்டி தன் டி.என்.ஏ.வைத் துளித் துளியாக ரத்தத்தில் உதிர்க்கும், அதைத் தேடுவதுதான் இந்த டெஸ்ட். ரத்தத்தைக் கொண்டுபோகிறோமே என்று நான் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் நிரப்பிக்கொண்டு போயிருந்தேன். தொழில் புத்தி! லேப் தம்பி சிரித்துவிட்டு, "அண்ணே, இது மீன் இல்ல, ஐஸ்ல வைக்கக் கூடாது" என்றார். அந்தக் குழாய்க்குள் ஏற்கெனவே பதப்படுத்தும் மருந்து இருக்கிறது. உறைந்து போனால் நம் சாதாரண வெள்ளணுக்கள் உடைந்து, அவற்றின் டி.என்.ஏ. வெள்ளமாகக் கலந்து, கட்டியின் துளி அதில் காணாமல் போய்விடும். ஒன்றை மறக்காதீர்கள்: ரத்தத்தில் மரபணு மாற்றம் தெரிந்தால் நம்பலாம், தெரியாவிட்டால் "இல்லை" என்று முடிவு கட்டக் கூடாது. திரும்பவும் சதை எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

டெஸ்ட்டில் என்ன தேடுகிறார்கள்? எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். படகு எஞ்சினில் ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்டால், நீங்கள் கையை எடுத்தாலும் படகு நிற்காது. இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் மாற்றம் வந்தால் செல்லுக்கு அந்தக் கதிதான், வளர் வளர் என்று உத்தரவு போய்க்கொண்டே இருக்கும். சிக்கின இடம் தெரிந்தால் அதை மட்டும் பிடித்து நிறுத்த மாத்திரை இருக்கிறது. நம் நாட்டு அடினோகார்சினோமா நோயாளிகளில் ஏறக்குறைய 4-ல் ஒருவருக்கு இந்த மாற்றம் உண்டு. புகைக்காதவர்கள், பெண்கள் என்றால் வாய்ப்பு இன்னும் கூடுதல், அதாவது உங்கள் அம்மா மாதிரி ஆட்கள். ஏ.எல்.கே., ராஸ்-1 என்று இன்னும் சில உண்டு, அவை குறைவு, ஆனால் அவற்றுக்கும் மாத்திரை இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்த்தால் சதை தீரும். வசதி இருந்தால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்க்கும் என்.ஜி.எஸ். டெஸ்ட் நல்லது. பணம் இடித்தால் இ.ஜி.எஃப்.ஆரும் ஏ.எல்.கே.யும் மட்டுமாவது முதலில் பாருங்கள். டெஸ்ட் செலவை ஏற்றுக்கொள்ளும் திட்டங்களைச் சில மருந்துக் கம்பெனிகள் நடத்துகின்றன, டாக்டரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்.

சரி, கீமோ. அம்மாவால் படுத்துத் தூங்க முடிகிறது, நடமாட முடிகிறது என்றால் ரிப்போர்ட்டுக்காகப் பொறுப்பதில் பெரும்பாலும் நஷ்டமில்லை. மூச்சு வாங்கி உட்கார்ந்தே இருக்கிறார் என்றால் டாக்டர் ஒரு சுற்றுக் கீமோ போட்டுவிட்டு ரிப்போர்ட்டைப் பார்ப்பார், எங்களுக்கு அப்படித்தான் செய்தார். உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி ஊசியை மட்டும் ரிப்போர்ட் வருமுன் போட மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். அதைப் போட்ட கையோடு இந்த மாத்திரைகளில் சிலவற்றைக் கொடுத்தால் நுரையீரல் அழற்சி வரும் அபாயம் கூடுதலாம். யாராவது அவசரப்படுத்தினால் இதைக் கேளுங்கள்.

ஜூன் கடைசியில் ரிப்போர்ட் வந்தது: இ.ஜி.எஃப்.ஆர்., அதில் எக்ஸான் 19 என்ற பகுதியில் மாற்றம். அதற்கான மாத்திரை ஜெஃபிடினிப் 250 மில்லிகிராம், தினம் ஒன்று. அதே வேலைக்கு ஒசிமெர்டினிப் என்ற புது மாத்திரை இன்னும் நல்ல மருந்து. இரண்டு வகையையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வில் நோய் கட்டுக்குள் இருந்த காலம் ஒசிமெர்டினிப்புக்கு 18.9 மாதம், ஜெஃபிடினிப் போன்ற பழைய வகை மாத்திரைகளுக்கு 10.2. ஆனால் அன்றைக்கு அதன் விலை எங்கள் வீட்டுக்கு ஒத்துவராது. ஜெஃபிடினிப் உள்நாட்டிலேயே பல கம்பெனிகள் செய்வதால் சில ஆயிரத்தில் மாதம் ஓடியது. மூன்றாவது வாரம் அம்மா படுக்கையில் நீட்டிப் படுத்துத் தூங்கினார். நான்கு மாதமாக நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்கியவர்.

அதே வாரம் முகமெல்லாம் கொப்புளம். பக்கத்து வீட்டு அத்தை பார்த்துவிட்டு "அம்மை போட்டிருக்கு" என்று வேப்பிலையோடு வந்துவிட்டார். அம்மை என்றால் இங்கிலீஷ் மருந்து கூடாதே! நான்கு நாள் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள், எனக்குத் தெரியாமல். அது அம்மை இல்லை, இந்த மாத்திரையின் வழக்கமான பக்கவிளைவு, வெயில் பட்டால் கூடும். போட்டோ எடுத்து மதுரைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், களிம்பும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள், அடங்கியது. வயிற்றுப்போக்கும் நகக்கண் வீக்கமும் வரலாம். ஆனால் திடீரென்று மூச்சுத் திணறலோ புது வறட்டு இருமலோ வந்தால் வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். இன்னொன்று, நம்மூரில் எந்தச் சீட்டிலும் ஒரு கேஸ் மாத்திரை ஒட்டிக்கொண்டு வரும். ஜெஃபிடினிப் உடம்பில் சேர்வதை அது குறைக்கும். உள்ளூர் டாக்டரிடம் புற்று மாத்திரையின் பெயரைச் சொல்லிவிட்டே மருந்து வாங்குங்கள்.

நோய் மொத்தமாகப் போய்விடும் என்று நான் சொல்லவில்லை, நான்காம் கட்டத்தில் இது கட்டுப்படுத்தும் மருந்துதான். எங்களுக்கு 14 மாதத்தில் ஸ்கேனில் வளர்ச்சி தெரிந்தது. திரும்பவும் ரத்த டெஸ்ட், டி790எம் என்ற புது மாற்றம். ஜெஃபிடினிப் வகை மாத்திரை கேட்காமல் போகிறவர்களில் பாதிப் பேருக்காவது இதுதான் காரணமாம். அதற்கு ஒசிமெர்டினிப்தான் மருந்து. 2024 ஜூலை பட்ஜெட்டில் அதன் சுங்க வரியை எடுத்திருந்தார்கள். அப்படியும் கம்பெனியின் உதவித் திட்டம் இல்லாமல் எங்களால் வாங்கியிருக்க முடியாது. இப்போது அதில்தான் ஓடுகிறது.

சென்னைக்குப் போக வேண்டுமா என்றால், என் அனுபவத்தில் தேவையில்லை. பயணப்பட வேண்டியது பிளாக்கும் ரத்தமும்தான், அம்மா இல்லை. மருந்தை முடிவு செய்ய மதுரை போதும், பிறகு மாத்திரை வீட்டில்தான். எங்களுக்குப் பாம்பன் ரயில் பாலம் மூடியிருந்த காலம், ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ராமநாதபுரம் வரை பஸ், அங்கிருந்து ரயில். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகு கஷ்டம் பாதியாகிவிட்டது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே கையில் எடுத்துப்போங்கள், டெஸ்ட், கீமோ, மாத்திரை மூன்றையும் தனித்தனியாகச் சொல்லி எது அதில் வரும் என்று கேளுங்கள்.

நாளைக்குக் காலையில் பயாப்ஸி பார்த்த லேபுக்குப் போன் போடுங்கள். ரிப்போர்ட்டில் அம்மா பெயருக்குப் பக்கத்தில் ஒரு நம்பர் இருக்கும், பெரும்பாலும் அதை வைத்தே பிளாக்கை எடுத்துவிடுவார்கள். அந்த நம்பரைச் சொல்லி, எத்தனை பிளாக் இருக்கிறது, எவ்வளவு சதை மிச்சம் என்று கேட்டுவிட்டு, அப்புறம் டெஸ்ட்டுக்குப் பணம் கட்டுங்கள்.