துருவக் கடல்களின் நுண்ணுயிர்கள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஆர்க்டிக் கடலும் அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த தென்பெருங்கடலும் ஏறக்குறைய ஒரே அளவு குளிர்ந்தவை. இரண்டிலும் ஒரே வகை பாக்டீரியாக்கள்தாம் வாழ்கின்றனவா?

பதில்: சில வகைகள் இரண்டுக்கும் பொது, பெரும்பாலானவை வேறு வேறு. இரு துருவங்களின் நீர் மாதிரிகளையும் மரபணு வரிசையைக் கொண்டு ஒப்பிட்ட 2012ஆம் ஆண்டு ஆய்வொன்றில், தென்பெருங்கடலில் கிடைத்த பாக்டீரிய வகைகளில் 78 விழுக்காடு ஆர்க்டிக்கில் தென்படவில்லை. ஆர்க்டிக் வகைகளில் 70 விழுக்காடு தெற்கில் தென்படவில்லை.

குளிர் ஒன்றே என்றாலும் கடல் ஒன்றன்று. ஆர்க்டிக், நிலம் சூழ்ந்த கடல். உலகக் கடல்நீரில் ஏறத்தாழ ஒரு விழுக்காட்டையே கொண்டிருக்கும் அதற்குள், லேனா, யெனிசெய், ஓப், மெக்கென்சி முதலிய ஆறுகள் உலக ஆற்றுநீரில் பத்தில் ஒரு பங்கைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. அந்த நன்னீரோடு சைபீரிய, கனடிய மண்ணின் கரிமப் பொருள்களும் வருகின்றன. தென்பெருங்கடலோ ஒரு கண்டத்தைச் சுற்றி ஓடும் திறந்த கடல். அதில் பேராறு எதுவும் கலப்பதில்லை. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்திருந்தும் இரும்புச்சத்து போதாமையால் பாசிகளின் வளர்ச்சி தடைபடுகிறது. பாசி விளைவதைப் பொறுத்தே பாக்டீரியாவுக்கு உணவு என்பதால், இரண்டு கடல்களும் இரண்டு வேறு சமையலறைகள் என்றே கொள்ளலாம்.

பொதுவாக இருப்பவற்றுள் முதலில் சொல்லத்தக்கது எஸ்.ஏ.ஆர்.11 என்னும் கூட்டம். சர்காசோ கடலில் முதன்முதல் கண்டறியப்பட்டு, பிறகு எல்லாப் பெருங்கடல்களிலும் காணப்பட்ட இதற்குத் துருவநீருக்கே உரிய தனிக்கிளைகளும் உண்டு. பாசிகள் பெருகும் கோடையில் அவற்றின் கழிவைத் தின்று பெருகும் போலாரிபாக்டர் இன்னொன்று. வெப்பமண்டலத்தின் வெதுவெதுப்பான மேற்பரப்பு குளிர் விரும்பிகளுக்கு மதில் போன்றது; ஆயினும் துருவத்தில் மூழ்கும் நீர், குளிர் மாறாமலே ஆழ்கடல் வழியாக நூற்றாண்டுக் கணக்கில் ஊர்ந்து செல்வதால், அடியில் ஒரு பாதை திறந்தே இருக்கிறது.

இல்லாமையும் கவனிக்கத்தக்கது. வெப்பக் கடல்களில் மிகுந்து காணப்படும் ஒளிச்சேர்க்கை பாக்டீரியாவான புரோக்ளோரோகாக்கஸ், ஏறத்தாழ 40 பாகை அட்சரேகைகளைத் தாண்டினால் அருகிவிடுகிறது. துருவ நீரில் அந்த வேலையை டயாட்டம் போன்ற பாசிகளே ஏற்கின்றன.

கேள்வி: பனி உருகினால் அதிலிருந்து வெளிவரும் வைரஸ்கள் நம்மைத் தாக்குமா?

பதில்: கடல் வைரஸ்களில் மிகப் பெரும்பாலானவை பாக்டீரியாக்களையும் பாசிகளையுமே தாக்குபவை, மனித உயிரணுவுக்குள் நுழைய அவற்றிடம் வழியில்லை. 2014இல் செய்தியான, 30,000 ஆண்டுப் பழைமையுள்ள பித்தோவைரஸ் சைபீரிய நிலத்தின் உறைமண்ணில் கிடைத்தது, கடலில் அன்று. அதுவும் அமீபாவையே தாக்குவது.

கேள்வி: அவ்வளவு குளிரிலும் கடலில் வைரஸ்கள் எப்படிப் பெருகுகின்றன?

பதில்: வைரஸுக்கு வேண்டியது வெப்பமன்று, உயிருள்ள பாக்டீரியா. கடல்நீர் சுமார் மைனஸ் 1.8 டிகிரி செல்சியசில்தான் உறைகிறது. அந்த நீரிலும் தம் உயிரணுச் சவ்வு இறுகிவிடாதபடி கொழுப்பு அமிலங்களை மாற்றியமைத்துக்கொண்ட பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. கடல்நீரில் பொதுவாக ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் வரை பாக்டீரியாக்களும், அவற்றைப் போல் சுமார் பத்து மடங்கு வைரஸ்களும் இருக்கும். துருவக் கோடையிலும் இந்த அளவை எட்ட முடிகிறது; குளிர்காலத்தில் எண்ணிக்கை வெகுவாகக் குறையும்.

கடற்பனிக்கட்டிக்குள் நிலைமை இன்னும் விந்தையானது. நீர் உறையும்போது உப்பு விலக்கப்பட்டு, மயிரிழை போன்ற உப்புநீர்க் கால்வாய்களில் சேர்கிறது. பாக்டீரியாவும் வைரஸும் அந்த இடுக்கில் நெருக்கப்படுவதால், அவை ஒன்றோடொன்று மோதும் வாய்ப்பு கூடுகிறது. கோல்வெல்லியா என்னும் ஆர்க்டிக் பாக்டீரியா மைனஸ் 10 டிகிரியிலும் நீந்துவது ஆய்வகத்தில் காணப்பட்டது. அதைத் தாக்கும் வைரஸும் உறைநிலைக்குக் கீழே செயல்படக்கூடியதே.

இருண்ட மாதங்களில் பாக்டீரியா குறைந்துபோகும்போது என்ன செய்வது? அண்டார்க்டிக் தீபகற்பத்தின் மேற்குக் கடலில் செய்யப்பட்ட ஆய்வு, பல வைரஸ்கள் தம் மரபுப்பொருளைப் பாக்டீரியாவின் மரபுப்பொருளோடு சேர்த்துவிட்டு உள்ளேயே தங்கியிருப்பதையும், கோடையில் பாக்டீரியா பெருகியபின் அதை உடைத்து வெளிவருவதையும் காட்டியது. அப்படி உடைந்த பாக்டீரியாவிலிருந்து கரிமமும் இரும்பும் மீண்டும் நீரில் கலக்கின்றன. இரும்புக்கு ஏங்கும் தென்பெருங்கடலில் இது சிறு உதவியன்று.

டாரா என்னும் ஆய்வுக்கப்பல் 2013இல் ஆர்க்டிக்கைச் சுற்றிவந்து சேகரித்த மாதிரிகளையும் சேர்த்துப் பகுத்து 2019இல் வெளியிட்ட முடிவில், உலகக் கடல்களில் சுமார் 1,95,000 வகை வைரஸ் கூட்டங்கள் கணக்கிடப்பட்டன. அவை ஐந்து மண்டலங்களாகப் பிரிந்தன. ஆர்க்டிக்கும் அண்டார்க்டிக்கும் அவற்றில் தனித்தனி மண்டலங்கள். துருவத்தை நோக்கிச் செல்லச் செல்ல உயிர்வகைகள் குறையும் என்ற பழைய எதிர்பார்ப்புக்கு மாறாக, ஆர்க்டிக்கின் மேற்பரப்பு நீரில் வைரஸ் வகைகள் மிகுந்திருந்தன.