இளமையில் கேட்ட ரெக்கே பாட்டெல்லாம் இப்போது போனில் கேட்டால் சப்பென்று இருக்கிறதே, வயதாகிவிட்டதாலா?

வயதை ஏன் திட்டுகிறீர்கள், போன் ஸ்பீக்கரைத் திட்டுங்கள். ரெக்கே பிறந்த ஜமைக்காவின் எழுபதுகளைச் சேர்ந்த ஏழு அங்குல இசைத்தட்டுகள் சில இன்னும் உங்கள் பரணில் இருக்கும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

ரெக்கேயில் மெட்டே பேஸ் கிதாரில்தான் இருக்கிறது. அதன் தடித்த தந்தியைச் சும்மா மீட்டினாலே 41 ஹெர்ட்ஸ். போனில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உருப்படியாக எதுவும் வராது. ரெக்கேயின் நான்கடி 'ஒன் டிராப்' தாளத்தில் முதல் அடி காலி, பெரிய டிரம் மூன்றாவதில்தான் விழும். அதுவும் பேஸும் போனால் மிச்சம் இரண்டிலும் நான்கிலும் கிதார் போடும் 'சக்... சக்' மட்டும். குழம்பைக் கொட்டிவிட்டுத் தாளிப்பைத் தின்பது மாதிரி.

"காசைக் கரைக்கச் சொல்கிறான்" என்று யாராவது கிளம்புவார்கள். எட்டு அங்குல ஊஃபர் (பேஸ் ஒலிக்கும் பெரிய கூம்பு) உள்ள பழைய ஜோடி ஸ்பீக்கர் போதும். மூலையில் திணித்தால் பேஸ் குழறும். தெளியும் வரை சாண் சாணாக வெளியே இழுங்கள்.

அந்தத் தட்டுகளில் நடு ஓட்டை ஒன்றரை அங்குலம், அதுவும் பலவற்றில் மையம் தப்பியிருக்கும். ஆர்கன் நீளும் இடத்தில் சுருதி அலைந்தால் காரணம் இதுதான். ஓட்டையை அடைக்கும் அடாப்டரைக் கழற்றிவிட்டுத் தட்டை வையுங்கள். ஊசியை இறக்கி, அதைத் தாங்கும் கை, அதாவது டோன் ஆர்ம், இடமும் வலமும் ஆடுகிறதா பாருங்கள். ஆடினால் ஊசியைத் தூக்கி, தட்டை நூலளவு தள்ளி, மறுபடி இறக்குங்கள். ஆட்டம் அடங்கும்வரை இதேதான் வேலை. ஊசி எடையைக் குறைத்தால் தட்டு தேயாது என்பது தப்புக் கணக்கு: கனத்த பேஸில் ஊசி துள்ளிப் பள்ளத்தின் சுவரைக் கொத்தும். ஊசி பொருத்திய கார்ட்ரிட்ஜுக்குத் தயாரிப்பாளர் சொன்ன அளவில் மேல் எல்லையை ஒட்டியே வையுங்கள்.

கரகரப்புக்கு ஆம்பிளிஃபயரின் மோனோ பட்டன், இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலியைத் தருவது. மோனோ தட்டில் பாட்டு பக்கவாட்டு அசைவில் மட்டும்தான் இருக்கும். மேலும் கீழுமான அசைவு வெறும் இரைச்சல், பட்டனை அழுத்தினால் அது அடிபட்டுப் போகும்.

சரியாக அமைந்ததா என்று பார்க்கப் பின்பக்கத்து 'வெர்ஷன்' போடுங்கள். கிங் டப்பி போன்ற ஜமைக்கா ஒலிப்பொறியாளர்கள் குரலை இறக்கிவிட்டு டிரம்மையும் பேஸையும் முன்னே கொண்டுவந்த பக்கம் அது. நெஞ்சில் இடிக்க வேண்டும்.

இன்னொரு வயிற்றெரிச்சல். ரெக்கே என்றாலே பாப் மார்லி பனியன் என்று ஆக்கிவிட்டார்கள். சரி, அவரையாவது ஒழுங்காகக் கேட்கிறார்களா? 1973இல் வந்த 'கேட்ச் எ ஃபயர்' தொகுப்பில் ராக் கிதாரும் கூடுதல் கீபோர்டும் லண்டனில் ஏற்றியவை. அவை இல்லாத ஜமைக்கா கலவை 2001இல் இரட்டை சிடியாக வெளிவந்தது. அதைத் தேடிக் கேளுங்கள்.