அரைத்தால் கலவைதானே?

கேள்வி: சார், என் மகள் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறாள். பென்சாயிக் அமிலத்தையும் ஐசோநிகோடினமைடையும் கல்வத்தில் போட்டு அரைத்துவிட்டு, "இது புதுப் படிகம்ப்பா" என்கிறாள். ரெண்டு வெள்ளைப் பொடியை அரைத்தால் கலவைதானே?
– ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: நான் உங்கள் மகள் கட்சி. யஷ்வந்த்பூர் பக்கம் ஓர் ஆய்வகத்தின் எக்ஸ்ரே அறையில் 28 வருஷம் ஓட்டியவன். இதே கேள்வியைக் கருவிக்குப் பணம் கேட்கும்போதெல்லாம் கணக்குப் பிரிவிலும் கேட்பார்கள்!

அரிசியில் பருப்பு கலந்தால் பொறுக்கிவிடலாம். இங்கே அப்படியில்லை. ரெண்டின் மூலக்கூறுகளும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் வரிசை கட்டி உட்கார்ந்துவிடும். அமிலத்தின் ஹைட்ரஜன், எதிரே உள்ள ஐசோநிகோடினமைடின் பிரிடின் வளையத்தில் (நைட்ரஜன் ஒன்று உள்ள ஆறு அணு வளையம்) இருக்கும் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும். ஐசோநிகோடினமைடின் மறுமுனையான அமைடு முனைகள் இரண்டு இரண்டாகக் கைகோத்துக்கொள்ளும். இதுதான் இணைப்படிகம். 1844-லேயே ஜெர்மன் வேதியியலாளர் வோலர், குவின்ஹைட்ரோன் என்ற இணைப்படிகத்தைச் செய்துவிட்டார். மஞ்சள் பென்சோகுவினோனும் வெள்ளை ஹைட்ரோகுவினோனும் சேர்ந்து கரும்பச்சையாக, உலோகம்போல மினுங்கும். அது கண்ணுக்கே தெரியும். வெள்ளையும் வெள்ளையும் சேர்ந்தால் எக்ஸ்ரேதான் சாட்சி.

நீங்கள் கேட்காத ஒன்று: அமிலம் தன் புரோட்டானை (அதாவது அந்த ஹைட்ரஜனை, எலக்ட்ரான் இல்லாமல்) நைட்ரஜனுக்கே கொடுத்துவிட்டால் அது உப்பு, இணைப்படிகம் என்று சொல்ல மாட்டோம். இதைக் கண்டுபிடிப்பதில்தான் ருசி. ஹைட்ரஜனிடம் இருப்பதோ ஒற்றை எலக்ட்ரான். எக்ஸ்ரே பார்ப்பது எலக்ட்ரான்களைத்தான் என்பதால், அது மங்கலாகத்தான் தெரியும். அதனால் பக்கத்து வீட்டில் விசாரிப்போம். அமிலத்தின் கார்பனிலிருந்து இரண்டு ஆக்சிஜன்களுக்கும் உள்ள தூரத்தை அளப்போம். ஒன்று சுமார் 1.21, இன்னொன்று 1.31 ஆங்ஸ்ட்ராம் (ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) என்று வந்தால் புரோட்டான் வீட்டை விட்டுப் போகவில்லை. இரண்டும் 1.25 பக்கம் வந்து நின்றால், கிளம்பிவிட்டது!

இதற்கு அரைத்த பொடி சரிப்படாது. கால் மில்லிமீட்டராவது ஒற்றைப் படிகம் இருந்தால் நல்லது. பொடியை எத்தனாலில் கரைத்து, குப்பியின் வாயை மூடி, ஊசியால் ரெண்டு துளை போட்டு, ஆடாத மூலையில் வைக்கச் சொல்லுங்கள். பெயர்ச்சீட்டு முக்கியம். எனக்கு ஒரு முறை பதினோரு நாள் காத்திருந்து அருமையான ஊசிப் படிகம் வந்தது. மறுநாள் காலை போனால், குப்பி பளிச்சென்று கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.